துவைக்காத துணி

குடுங்கக்கா பிள்ளையை, நான் மடியில வெச்சிக்கிறேன். நீங்க அந்தக் கம்பியைப் பிடிச்சிக்கங்க. இந்த டிரைவரு வளைவுல எல்லாம் ஒரு பக்கமாச் சாய்ச்சு ஓட்டுறாரு. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை, கம்பியைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போவீங்க. பயப்படாம குடுங்க. என்னைப் பாத்தா பிள்ளை பிடிக்கிறவ மாதிரியா இருக்கு? எந்திரிச்சு எடம் விடலாம்னு பாத்தா காலுக்கு அண்டையில பெட்டியை வெச்சிருக்கேன், காலை எடுத்தேன்னா அது உருண்டு டிரைவருக்கிட்டப் போயி நிக்கும். வாடா ராசா. வாடா தங்கம். பாத்தீங்களா, அழுகல. எங்கிட்ட எந்தப் பிள்ளையும் அழுகாதுக்கா. அது என்னமோ எனக்கு ஒரு கைராசி.

ஒம்போது மாசமா? அதுக்கு நல்ல கனம். தாய்ப்பாலா? அதான. தொடையைப் பிடிச்சாலே தெரியுது.

எனக்கும் ஒண்ணு இருக்கு. பொம்பளப் பிள்ளை. மிதுனான்னு பேரு. ஒண்ணரை வயசு முடிஞ்சு ஓட ஆரம்பிச்சிருச்சு. வீட்டுல இருக்கு. நான் மட்டும்தான் போறேன். சிங்கப்பூருக்கு.

ஆமாக்கா, இன்னைக்குத்தான். இந்த பஸ்ஸுலதான். திருச்சி ஏர்போர்ட் ரோட்டு மேலயே இருக்காம்ல, புதுக்கோட்டையில ஏறுனா வாசல்லயே இறக்கி விட்டுருவாகன்னு சொன்னாக. எங்க ஊருல யாராச்சும் வெளிநாடு போனா வேன் பிடிச்சு, சொந்தக்காரக எல்லாம் ஏறி, புளிச்சோறு கட்டிக்கிட்டு, வழியில ஒரு கோயில்ல இறங்கிக் கும்பிட்டு, ஏர்போர்ட்டு வாசல்ல கூட்டமா நின்னு மூக்கைச் சிந்திட்டுத்தான் திரும்புவாக. நான் அதெல்லாம் வேணாம்னுட்டேன். வேன்னு ஒண்ணு வந்துட்டா பிள்ளை முதல் ஆளா ஏறி உக்காந்துக்கிரும். எதுக்கு வம்பு. எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறாக. புதுக்கோட்டை வரைக்கும் கொண்டாந்து விட்டாக. பஸ்ஸுல பெட்டியை ஏத்திட்டு, ஜிப்பு சரியா இருக்கான்னு பாத்தாக. திரும்பவும் பாத்தாக. அந்த ஜிப்பை எத்தனை தடவைதான் பாப்பாக. நான்தான் சொன்னேன், போங்க, கறம்பக்குடிக்கு லோடு இருக்குல்ல, நேரமாயிருச்சுன்னு. சரின்னுட்டு போயிட்டாக. நல்ல மனுசன்க்கா. ஒரு சொல்லு அதிகமாப் பேச மாட்டாக.

எனக்கு என்ன குறைங்கிறீங்க. உண்மையச் சொல்லுறேன், நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஒரு குறை தெரியல. வேலைன்னா மாடு மாதிரி வேலை இல்ல. ஒரு பிள்ளையைப் பாத்துக்கணும், அம்புட்டுதான். நாலு மாசத்துப் பிள்ளை. அந்த மேடம் ஆபீசுக்குத் திரும்பப் போறாங்களாம். நம்ம ஆளுகதான், தாத்தா காலத்துலயே போனவங்க. தமிழ் பேசுறாங்க, ஆனா ஒவ்வொரு சொல்லா எடுத்து வெச்சுப் பேசுறாங்க. போன்லயே வீட்டைச் சுத்திக் காமிச்சாங்க. தொட்டிலுக்குப் பக்கத்துலயே எனக்குக் கட்டிலு. ஜன்னலைத் திறந்தா மரம். எங்க வீட்டுல கட்டிலே கிடையாதுக்கா. சுவரு எழும்பி நிக்குது, மேல தளம் போடல, தகரம்தான் கிடக்கு. மழை பெஞ்சா பிள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்திப் போடணும். ரெண்டு வருசம் இருந்துட்டு வந்தா தளம் போட்டுறலாம். பிள்ளையை வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேத்துறலாம். நான் படிச்சது எங்க ஊரு பள்ளிக்கூடம், எட்டாவது வரைக்கும் ஒரே டீச்சரு. அது போதும் எனக்கு. பிள்ளைக்குப் போதாதுல்ல.

அதனால சாமிக்கு நன்றி சொல்லிட்டுத்தான் கிளம்புனேன். எத்தனை பேரு வருசக்கணக்காக் காத்துக் கிடக்குறாக. எனக்கு மூணே மாசத்துல வந்துருச்சு.

பாத்தீங்களா, தேடுறான். மூஞ்சியை வெச்சு முட்டுறான் பாருங்க. இங்க ஒண்ணும் இல்லடா தங்கம். கடையைச் சாத்தியாச்சு.

அதான்க்கா பெரிய பாடு. ஏஜென்சியில அந்த அம்மா எல்லாம் கேட்டுட்டுக் கடைசியாக் கேட்டாங்க, பிள்ளை பால்குடி மறந்துருச்சான்னு. இன்னும் இல்லைன்னேன். அப்ப அடுத்த தடவை பாப்போம்னு பேப்பரை மூடப் போனாங்க. நான் விடுவனா. ஒரு மாசம் குடுங்க, நானே மறக்கடிச்சிட்டு வர்றேன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுச் சரின்னாங்க.

வேப்பெண்ணெய் தடவுனேன். எங்க பிள்ளை இருக்கே, அது கெட்டிக்காரி. ஒரு தடவை வாயை வெச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சுச்சு. அப்புறம் பாவாடையை எடுத்துத் தொடைச்சு விட்டுட்டுக் குடிச்சிச்சு. நான் என்ன செய்ய. சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் வேப்பிலையை அரைச்சுப் போட்டேன். அதுக்கும் ரெண்டு நாள் போராடிட்டு விட்டுருச்சு. அது விட்டுருச்சு, எனக்கு நிக்கலையே. நெஞ்சு கல்லு கணக்காக் கெட்டிச்சுப் போயி காய்ச்சல் வந்துருச்சு. பக்கத்து வீட்டுல சொன்னாக, மல்லிகைப்பூவை வெச்சுக் கட்டு, வத்திரும்னு. வாங்கிக் கட்டுனேன். உள்ளயே வெச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலையப் பாப்பேன். சாயங்காலம் அவுத்தா பூவெல்லாம் வெந்து கறுத்துப் போயிருக்கும். வத்திருச்சு. நல்ல மருந்து. அதுல இருந்து அந்த எடத்துல ஒண்ணும் தெரியலக்கா. ஊசி வெச்சுக் குத்துனாலும் தெரியாது போல. பூ வாசம்தான் இப்ப ஆக மாட்டேங்குது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல அவுக ஒரு முழம் வாங்கப் போனாக, வேணாம்னுட்டேன்.

சரி, பாலு மறந்தாச்சு. ஆள் மறக்க வேணாமா? ராத்திரி எங்கிட்டத்தான் தூங்கும். வேற யாரு தூக்குனாலும் வில்லா வளையும். அதுக்குத்தான் எங்க மதினி. எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவுக, பூங்கோதைன்னு பேரு. கட்டிக் குடுத்த எடத்துல பிள்ளை இல்லைன்னு ஒண்ணு ஒண்ணாப் பேசி, கடைசியில பேச்சே இல்லாம ஆக்கிட்டாக. ஒருநாள் பையோட வந்தாக. அதுல இருந்து எங்க வீட்டுலதான். வந்த புதுசுல சோறு போட்டாத்தான் சாப்பிடுவாக. எதுக்கால பிள்ளை விளையாடிக்கிட்டு இருக்கும், அவுக சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக.

நான் பாத்துக்கிறேன்னு அவுகதான் வாயைத் திறந்து சொன்னாக. அன்னைக்கு அவுக காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருந்துச்சு எனக்கு. ஆனா பிள்ளை போகணுமே அவுககிட்ட.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. சிரிக்காதீங்க. எங்கம்மா வீட்டுல ஒரு கறவை மாடு இருந்துச்சு. எங்கம்மா தவிர வேற ஆள் கிட்டப் போனா ஒரு சொட்டு விடாது, மடியை இறுக்கிக்கிரும், காலைத் தூக்கும். ஒருதடவை எங்கம்மாவுக்கு அம்மை போட்டுருச்சு. கறக்க ஆள் இல்ல. எங்கம்மா படுத்த எடத்துல இருந்தே சொன்னாக, நான் கழட்டிப் போட்ட சேலையை எடுத்துச் சுத்திக்கிட்டுப் போடின்னு. நான் பாவாடை சட்டைக்கு மேல அந்த அழுக்குச் சேலையைச் சுத்திக்கிட்டுப் போனேன். அந்த மாடு என்னை மோந்து பாத்துச்சு. முதுகை ஒரு நக்கு நக்குச்சு. அம்புட்டுதான், பாலை விட்டுருச்சு. எங்க பக்கமெல்லாம் அப்படித்தான்க்கா. மாட்டை வித்தாக்கூட, கறந்தவ சேலை ஒண்ணைக் கூடவே குடுத்து விடுவாக.

மாட்டுக்கே அம்புட்டுத் தெரியும்னா பிள்ளைக்குத் தெரியாதா? மதினிகிட்டச் சொன்னேன். நான் போட்ட நைட்டியைத் துவைக்காமத் தர்றேன், நீங்க போட்டுக்கிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கன்னு.

"ஏண்டி, உன் வேர்வை நாத்தத்தை நான் ஏண்டி சுமக்கணும்? நான் என்ன உங்க ஆத்தா வீட்டு மாட்டைக் கறக்கவா போறேன்?"ன்னாக.

எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஆட்டோவைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாக. "இவளுக்கு மாட்டுப் புத்திதான், விடுக்கா"ன்னாக. கொஞ்ச நேரம் கழிச்சு, துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, "அப்ப எனக்கு எந்தச் சேலையைச் சுத்தி விட்டுட்டுப் போகப்போற?"ன்னாக. மதினி சிரிச்சிட்டாக. அவுக சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

போட்டுக்கிட்டாகக்கா. சாயங்காலம் என் நைட்டியைப் போட்டுக்கிட்டு, தலையில என் எண்ணெயைத் தடவிக்கிட்டு, பிள்ளையைத் தூக்குனாக. நான் கொல்லைப்பக்கம் போயிட்டேன், துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்துக்கிட்டேன். முதல்ல கத்துச்சு. அது கத்துனா ரெண்டு தெரு கேக்கும். பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் விம்மல். அப்புறம் ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமாப் போயிருச்சு, என்னமோ ஆச்சுன்னு. ஜன்னல்ல எட்டிப் பாக்குறேன், மதினி கழுத்துக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு, நைட்டியோட கழுத்துப்பட்டியை வாயில கவ்விக்கிட்டு, தூங்குது. மதினி அப்படியே சிலையா உக்காந்திருக்காக. கொசு கடிக்குது, அடிக்கக்கூட கையை எடுக்கல.

அடடா வேலை முடிஞ்சிருச்சேன்னு எனக்கு ஒரே சந்தோசம்.

கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா அண்ணே, பை பிள்ளை மூஞ்சியில இடிக்குது. ஆமா, இவன் தூங்கப் போறான். கண்ணு சொக்குது. பேசுறது சத்தமா இருக்காக்கா? இல்லைல்ல.

அதுக்கப்புறம்தான் பெரிய வேலையே. ஒரு நைட்டி எத்தனை நாளைக்கு வாசம் தாங்கும்? ரெண்டு வருசம் தாங்க வேணாமா? இருந்த நைட்டி எல்லாத்தையும் எடுத்தேன். ஒண்ணு ஒண்ணா நாலு நாள், அஞ்சு நாள் போட்டேன். அதோடயே அடுப்படியில நிப்பேன், அதோடயே கடலை பறிக்கப் போவேன், அதோடயே படுப்பேன். நல்ல வெயிலு வேற, தண்ணி கணக்கா வேர்த்துச்சு. வேர்க்க வேர்க்க, சரி, இன்னும் ஒரு மாசத்துக்கு ஆச்சுன்னு நெனச்சிக்குவேன். நைட்டி பத்தல. கல்யாணத்துக்கு எடுத்த பருத்திச் சேலை ஒண்ணு நைஞ்சு போயிக் கிடந்துச்சு, அதைத் துண்டு துண்டாக் கிழிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சிக்கிட்டேன். ஒவ்வொண்ணையும் கழட்டுன உடனே பாலித்தீன் பையில போட்டு, காத்தை வெளிய தள்ளி, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில போட்டுக் கட்டி, அரிசி டின்னுக்குள்ள வெச்சேன். மதினிகிட்டச் சொல்லிட்டேன், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு பிரிங்க, பிரிச்சதைத் தவிர மத்ததைத் தொடாதீங்கன்னு. எல்லாம் பிள்ளை நல்லாத் தூங்கணும்னுதான். நடுவுல ஏங்கிப் போயிறக் கூடாதுல்ல. வேற எதுக்கு.

எங்க வீட்டுக்காரர் டின்னைத் திறந்து பாத்துட்டு, "ஊறுகாய் கணக்காப் போட்டு வெச்சிருக்கியே"ன்னாக.

சிங்கப்பூர் மேடத்துக்கிட்டயும் இதைச் சொன்னேன்க்கா. அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, எங்க பையன் உங்ககிட்ட வருவானான்னு. வருவான் மேடம், நீங்க போட்ட நைட்டி ரெண்டைத் துவைக்காம வைங்க, நான் வந்ததும் போட்டுக்கிறேன், ரெண்டே நாளுல வந்துருவான்னேன். அது தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன்னாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, படிச்சவங்க. போயி நேர்ல சொல்லிக்கலாம்.

போன வாரம் ஒரு கூத்து. ஏர்போர்ட்டுக்குப் போட்டுட்டுப் போக இந்தச் சுடிதாரு எடுத்தாக. அளவு சரியா இருக்கான்னு பாக்க, தலைக்குக் குளிச்சுப் புது சோப்புப் போட்டு, இதைப் போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். பிள்ளை வாசல்ல மதினி மடியில இருந்துச்சு. "வாடி மிது"ன்னு கையை நீட்டுனேன். என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. அப்படியே திரும்பி மதினி கழுத்துக்குள்ள மூஞ்சியை மறைச்சுக்கிச்சு. ஊசி போடுற நர்ஸைப் பாத்தாப் பண்ணுமே, அப்படி. நின்னவுக எல்லாம் சிரிச்சாக. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. பாத்தீங்களா, எம்புட்டுச் சுத்தமா வேலை முடிஞ்சிருக்குன்னு நானே சொன்னேன். மதினி மட்டும் சிரிக்கல. பிள்ளை முதுகைத் தட்டிக்கிட்டே, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல, அத்தை இருக்கேன்ல"ன்னாக. அம்புட்டுப் பாசம் அவுகளுக்கு. இப்ப அவுக மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. கன்னம் வெச்சிருச்சு. பொட்டு வைக்கிறாக. பக்கத்து வீட்டுக்காரி, "பூங்கோதை, பிள்ளை உன்னை மாதிரியே இருக்கே"ன்னு சொன்னா வெக்கப்படுறாக. எல்லாம் நல்லதுக்குத்தான் நடக்குது. ஒரு காரியத்துல ரெண்டு பேருக்கு விடிஞ்சிருக்கு.

இன்னைக்குக் கிளம்பையில நான் தூக்கலக்கா. வேணும்னுதான் தூக்கல. கஷ்டப்பட்டு முடிச்ச வேலையை எதுக்குக் கெடுக்கணும். மதினி பருப்புச்சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாக. நான் நிலையில நின்னு பாத்தேன். என்னைப் பாத்துட்டுத் தட்டுல கையை விட்டு ஒரு பிடிச் சோறை எடுத்து நீட்டுச்சு. எனக்கான்னு கேக்காதீங்க. அது யாரு வந்தாலும் நீட்டும். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவருக்குக்கூட நீட்டுச்சு.

வரட்டுமான்னேன். மதினி தலையை ஆட்டுனாக. வந்துட்டேன்.

அழுகை வரும் வரும்னு பாத்தேன், வரல. பக்கத்து வீட்டுக்காரி, கல்லு மனசுடி உனக்குன்னா. கல்லு எல்லாம் இல்லக்கா. நிம்மதி. எல்லாம் சரியா ஏற்பாடு பண்ணிட்டு வந்தா அப்படித்தான இருக்கும். சோறு சாப்பிட்டேன், ருசி தெரியல, அதுவும் நிம்மதிதான். கை காலெல்லாம் யாருதோ மாதிரி லேசா இருக்கு. விமானத்துல ஏறுனா இப்படித்தான் இருக்குமாம், நான் முன்கூட்டியே ஏறிட்டேன் போல.

கீரனூர் வந்துருச்சு. இந்த அண்ணன் இறங்குறாரு, நீங்க உக்காந்துக்கங்க. வாங்க, வாங்க, வேற யாரும் உக்காந்துறப் போறாக. பிள்ளை இருக்கட்டும். நல்லாத் தூங்குறான், மாத்துனா முழிச்சிருவான். எனக்கு ஒண்ணும் பாரம் இல்ல. காலை நீட்டிக்கங்க, எம்புட்டு நேரம் நின்னுட்டு வந்தீங்க.

இருங்கக்கா, போன் அடிக்குது. அந்தப் பக்கத்துப் பையில. எடுத்து என் காதுல வைங்க, எனக்குக் கை இல்ல. ஆங், அப்படியே பிடிச்சிக்கங்க.

மதினி. சொல்லுங்க மதினி. கீரனூர் தாண்டிட்டேன். உக்காந்துதான் வர்றேன். பிள்ளை என்ன செய்யுது? தூங்குதா. எந்திரிச்சு எதுவும் தேடுச்சா? தேடலையா. ஜன்னல்கிட்டப் போயி நிக்குமே, நிக்கலையா? சரி. சரி மதினி. நல்லது. அந்த மஞ்ச நைட்டியைத்தான போட்டிருக்கீங்க? இல்லையா. உங்க சேலையா. உங்க சேலையிலயேவா தூங்குச்சு?

டின்னுல இருந்ததா? அது எதுக்கு மதினி இப்ப எடுத்தீங்க?

எறும்பா. இல்ல, அரிசி டின்னுதான, வரும். எல்லாத்துலயுமா வந்துச்சு? ஒண்ணுல. ம். எல்லாத்தையும் பிரிச்சிட்டீங்களா.

ம்.

சேலைத் துண்டையுமா?

இல்ல, இல்ல, கோவம் எல்லாம் இல்ல. நீங்க எதுக்கு அழுகுறீங்க. நாத்தம் அடிக்கத்தான் செய்யும், வேர்வைதான. நல்ல காரியத்துக்குப் போயிருக்கையில வீட்டுல அழுக்குத் துணி கிடக்கக் கூடாதுதான், ஆமா. சொட்டு நீலம் போட்டீங்களா. வாசனைத் தண்ணியிலயும் அலசுனீங்களா. அப்ப பளிச்சுனு இருக்கும். வெயில் இருக்கா அங்க? காஞ்சிரும். மடிச்சு வைங்க, வந்து போட்டுக்கிறேன். சோறு சாப்பிட்டீங்களா? சாப்பிடுங்க. பிள்ளை எந்திரிச்சா மோரு குடுக்காதீங்க, சளி பிடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியும். ஆமா, உங்களுக்குத் தெரியும். வெச்சிறட்டா.

வெச்சிருங்கக்கா. பச்சையா இருக்குல்ல, இல்ல இல்ல, சிவப்பு, அதை அமுத்துங்க. ஆங்.

ஒண்ணும் இல்லக்கா. வீட்டுல துணி துவைச்சிருக்காக. அதைத்தான் சொன்னாக. நல்ல சுத்தக்காரி எங்க மதினி, ஒரு அழுக்கு பொறுக்க மாட்டாக.

பிள்ளை தூங்கத்தான அந்தத் துணியெல்லாம் வெச்சிட்டு வந்தேன். அதுதான் தூங்கிருச்சே. அவுக சேலையிலயே தூங்கிருச்சாம். அப்புறம் என்னத்துக்கு அது? தேவையில்லைதான. நான்தான் ரெண்டு வருசத்துக்குன்னு போட்டு மெனக்கெட்டிருக்கேன். ஒரு மாசத்துக்குத்தான் வேண்டியிருந்துச்சு போல. மாட்டுக்கும் அப்படித்தான்க்கா. எங்கம்மா அம்மையில இருந்து எந்திரிச்சு வந்தப்ப, நான் சேலை சுத்தாமலேதான் கறந்துக்கிட்டு இருந்தேன். பழகிருச்சு அது. எங்கம்மா பக்கத்துல வந்து கழுத்தைத் தடவுனாக. அது பாட்டுக்கு வைக்கோலைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. எங்கம்மா கையை எடுத்துட்டாக. நீயே கறடின்னுட்டு உள்ள போயிட்டாக.

நல்லதுதான். தேடி ஏங்கி இளைச்சுப் போச்சுன்னு சேதி வந்தா நான் அங்க இருந்து என்ன செய்ய முடியும்? சாமி அந்தக் கஷ்டத்தைக் குடுக்கல. நான் கேட்டதை விட ஒரு பங்கு கூடத்தான் குடுத்திருக்கு.

என்னது? திரும்பிப் போகவா? என்னக்கா இப்படிச் சொல்றீங்க. எதுத்தாப்புல புதுக்கோட்டை பஸ்ஸு போகுதுதான், போயிக்கிட்டேதான் இருக்கும். போயி? வீட்டுல யாரும் எதுவும் கேட்டு அழுகலையே. பிள்ளை தூங்குது, மதினி இருக்காக, துணி காயுது. நான் போயி நின்னா, கண்ணைத் திறந்து பாத்துட்டு யாருன்னு பயந்துக்கும். இந்தச் சுடிதாரு வேற.

அதுவும் இல்லாம அங்க ஒரு பிள்ளை இருக்கு. நாலு மாசம். அதோட அம்மா திங்கக்கிழமை ஆபீசு போறாங்க. நான் போகலைன்னா அது என்ன செய்யும்? பிள்ளை எல்லாம் ஒரே வாசம்தான்க்கா, உச்சந்தலையில. நீங்க மோந்து பாத்திருப்பீங்கல்ல. இவனுக்கும் அதேதான். இப்பப் பாத்தேன். அதேதான் இருக்கு.

நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கிறீங்க? தூசி உள்ள வருது, ஷட்டரை இறக்கி விடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நெஜமா ஒண்ணும் இல்ல. கிள்ளிப் பாருங்க வேணும்னா.

ஏர்போர்ட்டா? வந்துருச்சா? அதுக்குள்ளயா? இறங்கணும் அண்ணே, ஏர்போர்ட் ஒண்ணு இருக்கு. நிப்பாட்டச் சொல்லுங்க, பெட்டி இருக்கு.

இந்தாங்கக்கா, பிள்ளையைப் பிடிங்க. மெதுவா. தலைக்குக் கீழ கையைக் குடுங்க, தூக்கத்துலயே மாத்திக்கலாம். ஆங், வந்துட்டான். இருங்க, இருங்க, இழுக்காதீங்க. என் துப்பட்டாவைப் பிடிச்சிருக்கான். நல்லா மூடிப் பிடிச்சிருக்கான். தூக்கத்துல பிடிச்சா இரும்புப் பிடி இதுகளுக்கு.

இல்லக்கா, நான் பிரிக்கல. நீங்க எடுங்க. உங்க பிள்ளைதான, நீங்க எடுத்தாத்தான் அழுகாது. ஒவ்வொரு விரலா எடுங்க. சுண்டு விரல்ல ஆரம்பிங்க.

இந்தா இறங்கிட்டேன் அண்ணே, ஒரு நிமிசம். பெட்டியைக் கீழ வெச்சிட்டீங்கல்ல, நல்லது. இந்தா வந்துட்டேன்.

நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறேன்க்கா. விட்டதும் சொல்லுங்க.